நல்ல போர்டு ஃபெயில், கெட்ட போர்டு பாஸ்: கம்பைலரில் ஓ-எஸ் போட்டதும் டெஸ்ட் கோடு உளறுகிறது

புதூர்ப் பட்டறை எழுதியது:

வணக்கம். கே.புதூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. நானும் ஒரு பையனுமாகக் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் போர்டு செய்கிறோம். விவசாயி வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மும்முனை கரண்ட் வந்தாலும் போனாலும் அவருக்குத் தமிழிலேயே எஸ்எம்எஸ் போகும். சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம்தான் வாடிக்கை.

போர்டில் இருப்பது ஏடிமெகா162 என்ற ஏவிஆர் வகை எட்டு பிட் ப்ராசசர், 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். வெளியே 62256 ரேம், 32 கேபி, சாக்கெட்டில். நடுவில், முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ள 74எச்சி573 லாட்ச். பழைய சரக்குதான், தெரியும். இரண்டு சீரியல் போர்ட் வேண்டியிருந்தது, சிப்பும் ஒரு டப்பா நிறையக் கையில் கிடக்கிறது. கரண்ட் வந்த நேரம், மோட்டார் ஓடிய நேரம் எல்லாம் 16 பைட் பதிவுகளாக அந்த ரேமில் விழும். ரேமுக்குப் பட்டன் செல் உண்டு.

போர்டை அனுப்புமுன் ஜம்பர் போட்டு டெஸ்ட் ஓட்டுவோம். அது தனி ப்ரோகிராம் இல்லை, மெயின் கோடோடு சேர்ந்தே இருக்கிறது. முதலில் ரேம்: ஒவ்வொரு இடத்திலும் ஹெக்ஸ் (பதினாறடி எண்) 55 எழுது, படித்துப் பார், பிறகு ஏஏ எழுது, படித்துப் பார். அடுத்தது ரிலே: ஆன் செய், சும்மா 30,000 வரை எண்ணும் ஒரு லூப், அப்புறம் கான்டாக்ட் சேர்ந்ததா என்று பார். கடைசியில் மோடம்: ஏடி என்று அனுப்பிவிட்டு, இன்டரப்டில் (ஓடும் வேலையை நிறுத்தி நடுவில் நுழையும் கோடு) ஓகே வந்து ஒரு கொடி, அதாவது அடையாள மாறி, 1 ஆகும்வரை காத்திரு.

இவ்வளவு நாளும் ஆப்டிமைசேஷன் (கம்பைலர் தானே கோடைச் சுருக்குவது, வேகப்படுத்துவது) இல்லாமல், அதாவது ஓ0-வில்தான் கம்பைல் செய்துவந்தேன். ஒழுங்காக ஓடியது. போன மாதம் தமிழ்ச் செய்திகளைக் கூட்டிக்கொண்டே போனதில் 16 கேபி ஃபிளாஷ் நிரம்பிவிட்டது. ஒரே வழியென்று, அளவைக் குறைக்கும் ஆப்டிமைசேஷனான ஓ-எஸ் போட்டேன். கோடு சுருங்கி ஃபிளாஷில் அடங்கியது. சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

ரிலே டெஸ்ட் எல்லா போர்டிலும் ஃபெயில், கையால் ஆன் செய்தால் நன்றாக இழுக்கிற போர்டில்கூட. மோடம் டெஸ்டில் போய் நின்றால் திரும்புவதே இல்லை. ரேம் டெஸ்ட் மட்டும் எல்லா போர்டிலும் பாஸ். முன்பு பச்சை எல்இடி எரிய அரை நொடி ஆகும், இப்போது பட்டென்று எரிகிறது. வேகம் கூடியதாக்கும் என்று நினைத்தேன். பையன் விளையாட்டாக ரேம் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டினான். அப்போதும் பாஸ்!

வயிற்றைக் கலக்கக் காரணம், வாடிப்பட்டிப் பக்கமிருந்து மூன்று போர்டு திரும்பி வந்திருக்கிறது. இரண்டில் ஒரே மாதிரிக் கோளாறு: 17ஆவது பதிவு விழும்போது 1ஆவது அழிகிறது, 18 விழுந்தால் 2 போகிறது. இப்படித்தான் எத்தனை கெட்ட போர்டை நான் பாஸ் போட்டு அனுப்பினேனோ. கம்பைலரில் பிழையா, என் கோடில் பிழையா? வேறு வெர்ஷனுக்கு மாறட்டுமா?

ஒருவரி ஆசாமி எழுதியது:

டெஸ்ட் ஃபைலுக்கு மட்டும் ஓ0 போடுங்கள். முடிந்தது.

புதூர்ப் பட்டறை எழுதியது:

போட்டுப் பார்த்தேன் அண்ணே. ரேம் டெஸ்ட் சரியாகிவிட்டது, சிப்பைக் கழற்றினால் ஃபெயில் என்கிறது. ஆனால் 400 பைட் இடிக்கிறது, ஃபிளாஷில் அடங்கவில்லை. அதோடு, ரிலேவுக்காக ஏவிஆர் லைப்ரரியின் டிலே ஃபங்ஷனைச் சேர்த்தால், ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் இது சரியாக வேலை செய்யாது என்று கம்பைலரே எச்சரிக்கை கொடுக்கிறது. ஒன்று ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடவேண்டும் என்கிறது, இன்னொன்று இருந்தால்தான் ஓடுவேன் என்கிறது. மாமியார் மருமகள் கதை.

திருநகர் ரிட்டயர்டு எழுதியது:

தம்பி, கம்பைலரை விட்டுவிடுங்கள், அது பாவம். கம்பைலரில் பிழையே இருக்காது என்று சொல்லவில்லை. நான் முப்பது வருஷத்தில் இரண்டு முறை நிஜமாகவே பார்த்திருக்கிறேன். கம்பைலர்மேல் பழி போட்டு, கடைசியில் என் தப்பாக முடிந்தது எத்தனை தடவை என்றால் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

நடப்பது இதுதான். கடைக் கணக்குப்பிள்ளையிடம், "பெட்டியில் ஐம்பது ரூபாய் வை. வைத்தாயா? சரி, இப்போது திறந்து எவ்வளவு இருக்கிறது பார்" என்கிறீர்கள். அவர் எதற்குத் திறக்கிறார்? "நான்தானே வைத்தேன், ஐம்பது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவர் கணக்கில் பெட்டி என்பது பெட்டிதான். அதற்கு அடியில் ஓட்டை இருக்கலாம் என்பது சி மொழிக்குத் தெரியாத சங்கதி. ஓ0-வில் அவர் மந்தமாக ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தார், அவ்வளவுதான்.

55 எழுதிப் படிக்கிற இடத்தில், படிப்பது வெட்டி என்று போயிற்று. உடனே மேலே ஏஏ எழுதுகிறீர்கள், ஆகையால் 55 எழுதியதும் வெட்டி, அதுவும் போயிற்று. மிச்சம் இருப்பது 32,768 இடத்தில் ஏஏ எழுதும் ஒரு லூப், கடைசியில் பாஸ். அந்த 30,000 எண்ணும் லூப்பும் அப்படியே. எண்ணி முடித்து அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆகவே எண்ணவே இல்லை. ரிலே இழுக்க ஐந்து, பத்து மில்லி செகண்டாவது வேண்டாமா? ஆன் சொன்ன மறு நொடியே, நொடிகூட இல்லை, சில மைக்ரோ செகண்டில் கான்டாக்டைப் பார்த்தால் சேர்ந்திருக்காது. மோடம் கொடியை, லூப்புக்குள் யாரும் மாற்றவில்லையே என்று ஒரே ஒரு முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்டரப்ட் என்று ஒருவர் பின்வாசல் வழியாக வருவார் என்று அதற்கு நீங்கள் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன் என்று நம்பவேண்டாம். கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளி வரிகளைக் காட்டும் லிஸ்டிங் ஃபைலை எடுத்து ரேம் டெஸ்ட் பகுதியைப் பாருங்கள். எழுதுவதற்கான எஸ்டி இருக்கும், படிப்பதற்கான எல்டி ஒன்றுகூட இருக்காது. டெஸ்ட் கோடு எழுதுகிறவன் அசெம்பிளி எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எஸ்டி எத்தனை, எல்டி எத்தனை என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

மருந்து எல்லாரும் சொல்வதுதான், வாலட்டைல்: ஒவ்வொரு முறையும் நிஜமாகவே எழுது, நிஜமாகவே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல். ரேமைத் தொடும் பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி), வாலட்டைல் பைட்டைக் காட்டும் பாயின்டராக இருக்கவேண்டும். மோடம் கொடியும் வாலட்டைல். ரிலேவுக்கு லைப்ரரி டிலேயில் 20 மில்லி செகண்ட் கொடுங்கள். ஓ-எஸ் அப்படியே இருக்கட்டும். ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் ஓ0 என்று குறிக்கும் வசதி ஜிசிசி கம்பைலரில் இருக்கிறது, யாராவது சொல்வார்கள், எடுக்காதீர்கள். அது பிழை தேடுவதற்கு மட்டும், விற்கும் கோடில் வேண்டாம் என்று அவர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத விஷயம். வாடிப்பட்டி போர்டுகள் திரும்பி வந்ததற்கு ஓ-எஸ் காரணம் இல்லை. உங்கள் பழைய டெஸ்டும் அதைப் பிடித்திருக்காது.

கணக்குப் பாருங்கள். 16 பதிவு தள்ளி அழிகிறது, பதிவுக்கு 16 பைட். 16 பெருக்கல் 16, 256. அதாவது 256 பைட் தள்ளி இருக்கும் இரண்டு இடங்கள் ரேமுக்கு ஒரே இடமாகத் தெரிகின்றன. 256 என்பது ஏ8 முகவரிக் கோடு. கீழ் எட்டுக் கோடுகள்தான் லாட்ச் வழியாக வரும், ஏ8 ப்ராசசரின் 21ஆம் காலிலிருந்து நேரே ரேமின் 25ஆம் காலுக்குப் போகிறது. லாட்ச்மேல் சந்தேகப்படாதீர்கள், 25ஆம் காலில் சாலிடரைப் பாருங்கள்.

ஏ8 அறுந்திருந்தாலும், ஒரு இடத்தில் எழுதி அங்கேயே உடனே படித்தால் எழுதியதுதான் வரும். பக்கத்து வீட்டையும் சேர்த்து அழித்தோமா என்பது அந்த டெஸ்டுக்கு எங்கே தெரியும்? முதலில் 32 கேபியும் எழுதி முடிக்கவேண்டும். இடத்துக்கு இடம் வேறு மதிப்பு. முழுதும் எழுதிய பிறகே முதலிலிருந்து படித்து ஒப்பிடவேண்டும். பிறகு அதையே தலைகீழாக்கி இன்னொரு சுற்று.

வடபழஞ்சி பெஞ்ச் எழுதியது:

ரிட்டயர்டு சார் சொல்வது அத்தனையும் சரி. நான் வேலை பார்ப்பது லினக்ஸ் பக்கம், சாலிடர் வாசனை கிடையாது, ஆனால் இதே பேய் எங்கள் ஊரிலும் உலாவுகிறது.

ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவிடம்) நிரம்பினால் சர்வர் ஒழுங்காகச் செத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதினேன். தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போகும் ஃபங்ஷன். வேகத்துக்கான ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டதும் கம்பைலர் அதைச் சாதாரண லூப்பாக மாற்றிவிட்டது. ஸ்டாக் நிரம்பவே இல்லை, டெஸ்ட் விடிய விடியச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை மெமரி ஒதுக்கும் வேகத்தை அளக்க மாலாக், ஃப்ரீ இரண்டையும் பத்து லட்சம் தடவை கூப்பிட்டேன். பூஜ்யம் நொடி. வாங்கியதைத் தொடாமலே திருப்பிக் கொடுக்கிறாயே, எதற்கு வாங்குகிறாய் என்று இரண்டையும் தூக்கிவிட்டது. மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டைச் சொந்தமாக எழுதி டெஸ்ட் செய்தவர் கதை இன்னும் மோசம்: அவர் லூப்பைப் பார்த்து, ஓ இது மெம்செட்தானே என்று கம்பைலர் மெம்செட்டைக் கூப்பிட வைத்தது. அதாவது அவர் ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுச் செத்தது.

இன்டிஜர் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க, எக்ஸ் கூட்டல் 1, எக்ஸைவிடச் சிறியதா என்று எழுதுவார்கள். குறி உள்ள இன்டிஜரில் அது வழியாது என்பதே சி மொழியின் ஒப்பந்தம், ஆகவே அந்தக் கேள்வியே கோடிலிருந்து மறைந்துவிடும். கூட்டும் முன்பே உச்ச வரம்போடு ஒப்பிடவேண்டும்.

இதில் நாங்கள் மறக்காத சம்பவம் 2009. லினக்ஸ் கெர்னலில் டன் என்ற நெட்வொர்க் டிரைவர். ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது நல், அதாவது எதையும் காட்டாத வெற்றுப் பாயின்டரா என்று சோதித்திருந்தார்கள். பயன்படுத்தியாயிற்று என்றால் அது நல் இல்லை என்று அர்த்தம், பிறகு சோதனை எதற்கு என்று ஜிசிசி அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையாகிப் போனது. அதற்குப் பிறகு அந்த வேலையைச் செய்யாதே என்று ஒரு ஃபிளாக் போட்டே கெர்னலைக் கட்டுகிறார்கள்.

புதூர் ப்ரோவுக்கு என் யோசனை: ஒவ்வொரு டெஸ்ட் வரிக்கும் நடுவில் ஒரு மெமரி பேரியர் போட்டுவிடுங்கள். உள்ளே எதுவும் இல்லாத இன்லைன் அசெம்பிளி, மெமரி மாறியிருக்கலாம் என்ற குறிப்பு மட்டும். கம்பைலர் தான் நினைவில் வைத்திருப்பதை எல்லாம் மறந்துவிடும்.

இன்னொன்று. இடத்துக்கு இடம் வேறு மதிப்பு என்றால் சுலப வழி, முகவரியின் கீழ் பைட்டையே எழுதிவிடுவது.

திருநகர் ரிட்டயர்டு எழுதியது:

வடபழஞ்சித் தம்பி, கதைகள் பிரமாதம். யோசனை இரண்டிலும் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது ஆபத்து.

கீழ் பைட்டை எழுதினால் ஏ8 கோளாறு தெரியவே தெரியாது. 256 தள்ளி இருக்கும் இரண்டு இடத்துக்கும் கீழ் பைட் ஒன்றேதானே. அதுகூடப் போகட்டும். இந்த ஏவிஆரில் கீழ் முகவரியும் டேட்டாவும் ஒரே எட்டுக் கம்பியில் மாறி மாறிப் போகின்றன, அதற்குத்தான் லாட்ச். படிக்கும்போது முதலில் ப்ராசசர் கீழ் முகவரியை அந்தக் கம்பிகளில் ஏற்றும், லாட்ச் பிடித்துக்கொள்ளும், பிறகு கம்பியை விட்டுவிட்டு ரேம் பேசுவதற்காகக் காத்திருக்கும். சாக்கெட்டில் ரேமே இல்லாவிட்டால்? கம்பியில் கடைசியாக ஏற்றியது சற்று நேரம் அங்கேயே தங்கும். பஸ் கீப்பர் ஆன் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம், கெட்டியாகத் தங்கும். ஆக, ரேம் இல்லாத போர்டு ஒவ்வொரு இடத்திலும் அதனதன் கீழ் முகவரியையே திருப்பிச் சொல்லும். நீங்கள் எதிர்பார்ப்பதும் அதுவேதான். அமோகமாகப் பாஸ்.

அதனால் மேல் பைட்டையும் கீழ் பைட்டையும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1), பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுதுங்கள். அதற்கும் முன்னால் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் 15 இடங்களில் வேறு வேறு மதிப்பு எழுதிப் படித்துவிடுங்கள். 15 முகவரிக் கோடும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கிறதா என்பது ஒரு நிமிஷத்தில், நிமிஷம் என்ன, கண்ணிமைப்பில் தெரிந்துவிடும்.

அடுத்தது பேரியர். அது மெமரியைப் பற்றிய மறதியை மட்டும்தான் கொடுக்கும். மெமரியைத் தொடாத கணக்கு அதைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் நகரும். ஏவிஆர் லைப்ரரி கையேட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது: வகுத்தல் ஒன்றை முடித்துவிட்டு இன்டரப்டை நிறுத்து என்று எழுதியிருப்பார்கள், கம்பைலர் அந்த வகுத்தலை இன்டரப்ட் நின்ற பிறகு செய்யும். ஏவிஆரில் வகுத்தலுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் கிடையாது, அது ஒரு ஃபங்ஷன், நூற்றுக்கணக்கான சைக்கிள் சாப்பிடும். அத்தனை நேரமும் இன்டரப்ட் இல்லாமல் போர்டு செவிடாக நிற்கும். பேரியர் போட்டாலும் அது நகர்வது நிற்காது.

வாலட்டைலும் சர்வரோக நிவாரணி இல்லை. வாலட்டைல் அல்லாதவற்றை அது வரிசைப்படுத்தாது. எட்டு பிட் சிப்பில் 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும், நடுவில் இன்டரப்ட் வந்து மாற்றிவிட்டால் பாதி பழையது பாதி புதியது. டைமர் கவுன்டர் எதையாவது இன்டரப்டில் ஏற்றுகிறீர்களா? அதைப் படிக்கும் இடத்தில் இன்டரப்டை நிறுத்திப் படியுங்கள்.

கடைசியாக, 16 கேபி ஏன் நிரம்பியது என்று சொல்லுங்கள். தமிழ்ச் செய்தியை எப்படி வைத்திருக்கிறீர்கள்? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

புதூர்ப் பட்டறை எழுதியது:

ஐயா, மூன்று நாளாகப் போர்டும் கையுமாக இருந்தேன், அதனால்தான் தாமதம்.

முதலில் 25ஆம் கால். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு போர்டிலும் சாக்கெட்டின் அந்தக் கால் சாலிடர் சாம்பல் பூத்துத் தனியாக நிற்கிறது. எழுத்தைப் படித்தே காலைச் சொல்லிவிட்டீர்களே! மூன்றாவது போர்டில் ரேம் குற்றமில்லை, பட்டன் செல் ஹோல்டர்தான் லூஸ். அதையும் ரேம் கணக்கில் சேர்த்துப் பயந்திருந்தேன்.

வாலட்டைல் போட்டேன். போட்ட பிறகும் சிப் இல்லாத சாக்கெட் பாஸ் என்றது. தலை சுற்றிவிட்டது. பார்த்தால், மேலே பாயின்டரை வாலட்டைல் ஆக்கியிருக்கிறேன், ஆனால் உண்மையில் எழுதிப் படிப்பது இன்னொரு சின்ன ஃபங்ஷன், அது வாங்குவது சாதாரண பாயின்டர். கம்பைலர் வாலட்டைல் கழன்றுபோகிறது என்று எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. எச்சரிக்கை கண்ணை உறுத்துகிறதே என்று நான் ஒரு காஸ்ட் (வகையை வலுக்கட்டாயமாக மாற்றும் குறிப்பு) போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறேன். காஸ்டை எடுத்து, அந்த ஃபங்ஷனையும் மாற்றிய பிறகுதான் லிஸ்டிங்கில் எல்டி வந்தது. எண்ணிப் பார்த்தேன், எழுதுவது எத்தனையோ படிப்பதும் அத்தனை. அந்தப் பழைய காஸ்ட் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடியதில் இன்னும் நான்கு கிடைத்தது. இரண்டு நிஜமாகவே தப்பு.

வடபழஞ்சி அண்ணன் சொன்ன கீழ் பைட் டெஸ்டையும் சும்மா ஓட்டிப் பார்த்தேன், ரேமைக் கழற்றிவிட்டு. ஐயா சொன்னதுபோலவே பாஸ். எக்ஸார் செய்து தலைகீழாக்கியதில் முதல் பக்கத்திலேயே ஃபெயில். ரிலேவும் மோடமும் இப்போது ஒழுங்காக நடக்கின்றன. மோட்டார் ஓடிய நிமிடங்களை எண்ணும் கவுன்டர் 16 பிட்தான், இன்டரப்டில்தான் ஏறுகிறது. நடுவில் இன்டரப்டை நிறுத்திப் படிக்கும்படி மாற்றிவிட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு எப்போதோ ஒரு தடவை நாலு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் அவர் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். 256 நிமிடம் என்றால் நாலே கால் மணி நேரம். அவரிடம் போன் செய்து சொல்லவேண்டும்.

தமிழ்ச் செய்தியைக் கேட்டீர்கள். மோடத்துக்கு ஹெக்ஸ் எழுத்தாகத்தான் அனுப்பவேண்டும், ஒரு குறிக்கு நாலு எழுத்து. அப்படியே ஃபிளாஷில் வைத்திருக்கிறேன். மோட்டார் என்று எழுதினால் எட்டுக் குறி, 32 பைட். இப்போது 30 செய்தி, சராசரி 35 குறி.

திருநகர் ரிட்டயர்டு எழுதியது:

30 பெருக்கல் 35 பெருக்கல் 4. 4,200 பைட். ஃபிளாஷில் கால்வாசியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கம்பைலரிடம் இடம் கேட்டிருக்கிறீர்கள்.

யூனிகோடில் தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் மேல் பைட் ஒன்றேதான். கீழ் பைட் எப்போதும் 128 அல்லது அதற்கு மேல். இடைவெளி, எண், முற்றுப்புள்ளி இதெல்லாம் 128க்குக் கீழே. அதனால் கீழ் பைட்டை மட்டும் வையுங்கள், குறிக்கு ஒரு பைட். அனுப்பும்போது 128க்குக் கீழே என்றால் முன்னால் பூஜ்யம், மேலே என்றால் தமிழின் மேல் பைட், அங்கேயே ஹெக்ஸாக மாற்றுங்கள். 4,200 என்பது 1,050 ஆகிவிடும். மாற்றும் ஃபங்ஷன் நூறு பைட்டுக்குள் அடங்கும்.

இடம் கிடைத்துவிட்டது என்று திரும்ப ஓ0-வுக்குப் போய்விடாதீர்கள்.

லாட்ச் எச்சி வகைதானா? உங்கள் வேகத்தில் 5 வோல்ட்டில் பரவாயில்லை. 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் டேட்டாஷீட்டிலேயே ஏஎச்சி என்ற இன்னும் வேகமான வகையைப் போடச் சொல்கிறான்.

ஒருவரி ஆசாமி எழுதியது:

என் ஒரு வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புதூர்ப் பட்டறை எழுதியது:

செய்தி எல்லாம் மாற்றியாயிற்று ஐயா, 3 கேபிக்கு மேல் மிச்சம். லாட்ச் எச்சிதான், கிரிஸ்டலை மாற்றும் உத்தேசம் இல்லை.

ரேம் இல்லாத ஒரு போர்டைப் பெஞ்சிலேயே ஆணியில் மாட்டி, "இது ஃபெயில் ஆகவேண்டும்" என்று சிவப்பு மார்க்கரில் எழுதியிருக்கிறேன். புதுக் கோடு ஏற்றினால் முதலில் அதைத்தான் ஓட்டவேண்டும் என்று பையனுக்கு உத்தரவு. இன்று காலை அது பாஸ் என்றது. டீயை அப்படியே வைத்துவிட்டு லிஸ்டிங்கைத் திறந்து முக்கால் மணி நேரம் எல்டி எண்ணினேன், எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசியில் பார்த்தால், போர்டில் சாக்கெட் காலியாகக் கிடக்கிறதே என்று பையன் நல்ல மனதோடு ஒரு ரேம் சிப்பைச் செருகி வைத்திருக்கிறான்.